ப்ளூமாவின் பெயரால்

ப்ளூமா ரவின்ஸ்கிக்கு எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். சாப்பாடு இல்லாமல்கூட ஒரு பொழுதை ஓட்டிவிடுவாள், வாதத்துக்கு ஆள் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஆனால் அவளுக்கு வாய்த்த கணவர் நாத்தான். பல்செட் செய்கிறவர். ஊரார் வாயையெல்லாம் சரிசெய்யும் அந்த மனிதர், தன் வாயைத் திறந்தால் 'சரி' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார். கல்யாணமான புதிதில் ப்ளூமா வேண்டுமென்றே, "பூமி தட்டையாத்தான் இருக்கும்போல" என்று சொல்லிப் பார்த்தாளாம். நாத்தான் யாருடைய பல்லையோ அரத்தால் ராவிக்கொண்டே, "இருக்கலாம்" என்றாராம். அன்றைக்கே தனக்குப் பாதி உயிர் போய்விட்டது என்பாள்.

நான் சுலேமா. வில்லா க்ரெஸ்போ பேட்டையில் அவள் வேலை பார்க்கும் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் தாத்தா அலெப்போவிலிருந்து கப்பலேறியவர், அவளுடையவர் போலந்திலிருந்து. யூதர்களாகிய நாங்கள் ஒரே சாமியைக் கும்பிட்டாலும் அடுப்படி வேறு. மீனில் சர்க்கரை போடும் கூட்டம் என்று நான் அவளைச் சீண்டுவேன். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், "கதவைச் சாத்துடி, அடுத்த தெரு வரைக்கும் மசாலா போகுது" என்பாள்.

எங்கள் பள்ளி ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளி. காலையில் நாங்கள்: ஸ்பானிஷ், கணக்கு, சரித்திரம். சாப்பாட்டு மணி அடித்ததும் ஹீப்ரூக்காரர்கள் வந்துவிடுவார்கள்: எழுத்து, பிரார்த்தனை, பண்டிகை. காலைக்கு ஒரு தலைமை, மதியத்துக்கு ஒரு தலைமை. இரண்டு தலைமைகளும் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றவேண்டும் என்பதில்கூட ஒத்துப்போனதில்லை.

மதியத் தலைமை ஓய்வு பெறப்போகிறார், அடுத்தது ப்ளூமாதான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே மோராவானவள் அவள். எங்கள் பிள்ளைகள் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மோரா. அவள் வகுப்பில் தூங்குகிற பிள்ளையை எழுப்ப மாட்டாள். தூங்குகிறவன் காதருகில் போய் உரக்கப் படிப்பாள். "கண்ணு தூங்கட்டும், காதுக்கு என்ன வந்துச்சு" என்பாள்.

ஆனால் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. எந்த யூதப் பள்ளிக்குத் தலைமையேற்பதானாலும் இரண்டு வருடம் தலைமைப் பயிற்சி எடுத்தாகவேண்டும். தலை நரைத்த பிறகு ப்ளூமா மறுபடி மாணவியானாள். எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர் போனோம். ப்ளூமா, சமூக சரித்திரம் நடத்தும் டாரியோ கிட்மன், பிறகு நான். எனக்குத் தலைமை ஆசையெல்லாம் கிடையாது. ஓர் இடம் காலியாக இருந்தது, இழுத்துப் போட்டார்கள்.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலைகளில். ஊரே மொட்டைமாடியில் கரி மூட்டி இறைச்சி சுடும் நேரத்தில் நாங்கள் மட்டும் அந்த வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு 'தலைமைப் பண்பு' படித்துக்கொண்டிருந்தோம். முதல் பாதி நிர்வாகம். கம்பெனிகளுக்கு வகுப்பெடுக்கும் ஓர் ஆள் வந்து சுவரெல்லாம் வண்ணத் தாள் ஒட்டுவான். "தலைவரா உங்களை எந்த விலங்கோட ஒப்பிடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டான். மற்றவர்கள் சிங்கம், கழுகு, டால்ஃபின் என்று எழுதினார்கள். ப்ளூமா 'கோவேறு கழுதை' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் ஏத்தினாலும் சுமக்கும், பிடிக்கலன்னா நகராது" என்றாள்.

இரண்டாம் பாதிதான் அவளுடையது. அது எங்கள் பழைய படிப்பு முறை. இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, எங்கள் மதத்தின் பழைய சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நடுவில் வைத்துச் சண்டை போட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் மறுக்க வேண்டும். மறுக்கக் காரணம் கிடைக்காவிட்டால் தேடிப்பிடிக்க வேண்டும். சில சமயம் இடம் மாற்றிக்கொண்டு, தான் நம்பாத பக்கத்துக்காகத் தொண்டை வறள வாதாடுவதும் உண்டு. ஜோடியின் வேலை தலையாட்டுவதல்ல, முட்டுவது. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவரிடம் கேட்ட நல்ல கருத்தை வேறு இடத்தில் சொன்னால், அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அது பெரிய மரியாதை. சொல்லாமல் விடுகிறவனை நாங்கள் திருடன் கணக்கில் வைப்போம்.

பயிற்சியை நடத்திய ரெகினா, ப்ளூமாவையும் டாரியோவையும் ஜோடி சேர்த்தாள். டாரியோவுக்கு அப்போது நாற்பதுகூட இல்லை. இஸ்திரி கலையாத சட்டை, எல்லோரிடமும் 'மோரா, மோரா' என்று பணிவு. நன்றாக வாதாடுவான், அதை மறுக்க மாட்டேன். முதல் நாளே அவள் சொன்னதை மூன்று இடத்தில் உடைத்தான். ப்ளூமா முகம் சிவக்கச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சுலேமா, இருபத்தஞ்சு வருஷம் சரி, சரின்னு கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சுடி. இவன் 'இல்ல மோரா'ங்கிறான். அந்த 'இல்ல'வைக் கேட்டா எனக்குப் பசிக்குது" என்றாள் பேருந்தில்.

"பாத்துடி, நாத்தான் பல்லைக் கடிக்கப்போறாரு."

"அவரா? அவர் அதுக்கும் சரின்னுவார்."

இரண்டாம் வருடம் மே மாதம் அது நடந்தது. ஒவ்வொருவரும் தன் பள்ளியின் உண்மையான சிக்கல் ஒன்றை ஜோடியிடம் கொண்டுவர வேண்டும் என்றாள் ரெகினா. ப்ளூமா கொண்டுவந்தது இது: பெற்றோர்கள் கூடுதல் ஆங்கிலமும் ரோபோ வகுப்பும் கேட்கிறார்கள், நிர்வாகக் குழுவின் கண் மதிய வகுப்புகள் மேல் விழுந்திருக்கிறது, வாரம் ஐந்து மதியங்களையும் எப்படிக் காப்பாற்றுவது. டாரியோ குறைக்கச் சொல்லும் பக்கம் வாதாட வேண்டும். அன்றைக்கு அவன் வாதம் எடுபடவில்லை. மென்று மென்று பேசினான். பக்கத்து மேசையில் என் ஜோடியோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நான் காதை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"என்னடா இது, வெந்நீர்ல ஊறின பிஸ்கட் மாதிரி வாதாடுற? தள்ளு, உன் பக்கத்தை நான் பேசுறேன்" என்றாள் ப்ளூமா.

பேசினாள். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. "மதியம் மூணு மணிக்கு எந்தப் பிள்ளைக்கு மூளை வேலை செய்யுது? பாதி தூங்குது, பாதி கடிகாரம் பாக்குது. ஏழு வருஷம் கழிச்சு அதுங்க கையில என்ன மிச்சம்? ரெண்டு பாட்டு, ஒரு பிரார்த்தனை. அஞ்சு நாள் அரைகுறையா நடத்துறதுக்கு ரெண்டு நாள் ஒழுங்கா நடத்தலாமே! பிள்ளைங்களுக்காகவா அஞ்சு நாள் வேணும்? இல்ல, மோராக்களோட பெருமைக்காக." தன் வேலையின் ஓட்டை எல்லாம் அவளுக்குத்தானே தெரியும், ஒவ்வொன்றிலும் விரலை விட்டுக் காட்டினாள். முடித்தபோது சுற்றியிருந்த மேசைகள் கைதட்டின. டாரியோ எழுந்து நின்று தட்டினான்.

"பதில், மோரா?"

"பதில் இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன். ஒரு வாரம் நீ தவிச்சுக் கிட."

அடுத்த ஞாயிறு பதில் சொன்னாள். அதையும் நான் கேட்டேன். அவளுடைய பழைய மாணவன் ஒருவன், கடைசி பெஞ்ச், ஒரு வார்த்தையும் தேறாது என்று எல்லோரும் கைவிட்டவன். போன வருடம் அவன் அப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு ப்ளூமா பக்கத்தில் போய் நின்றாளாம். அவன் தாளைப் பார்க்காமலே, ஓர் எழுத்துத் தடுக்காமல் சொல்லி முடித்தானாம். "எப்படிடான்னு கேட்டேன். 'தூக்கத்துல உங்க குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு மோரா'ங்கிறான். ரெண்டு நாள் ஒழுங்கா நடத்தினா பரீட்சை எழுதுவாங்க. அஞ்சு நாளும் தூங்கி வழிஞ்சு கேட்டாத்தான் அது உடம்புக்குள்ள போகும். நமக்கு அது எப்பத் தேவைப்படும்னு யாருக்கும் தெரியாது." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. டாரியோ மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நவம்பரில் நிர்வாகக் குழு ஆசிரியர்களையெல்லாம் கூட்டியது. குழுத் தலைவர் சவுல், துணிக்கடைக்காரர், அவர் பிள்ளைகளே ப்ளூமாவிடம் படித்தவர்கள்தான். அடுத்த வருட ஏற்பாடுகள் பற்றி டாரியோ பேசுவான் என்றார். ஏன் டாரியோ என்று எங்களுக்குப் புரியவில்லை. அவன் எழுந்து, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, "நான் சொல்லப்போறதை மோரா ப்ளூமாவோட பேரால சொல்றேன்" என்றான்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ப்ளூமாவுக்குக் கூச்சம் கலந்த சந்தோஷம். நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லிப் பேசுகிறான், தலைமைக்கு முன்மொழியத்தான் போகிறான் என்று நினைத்திருக்கிறாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

அவன் மே மாதத்துப் பேச்சைச் சொன்னான். முதல் ஞாயிற்றை மட்டும். தூங்குகிற பிள்ளைகள், இரண்டு பாட்டு, ஒரு பிரார்த்தனை, மோராக்களின் பெருமை. ஒரு வார்த்தை மாற்றவில்லை. முகத்திலிருந்த சிரிப்பை எடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சிரிப்போடே உட்கார்ந்திருந்தாள்.

சவுல் தலையசைத்தார். "மதிய வகுப்பைப் பத்தி மோரா ப்ளூமாவை விட யாருக்குத் தெரியும்? அவங்களே சொன்னப்புறம் நாம என்ன பேசுறது?"

ப்ளூமா எழுந்தாள். "அது... எதிர்ப் பக்கம் பேசினது. படிப்புக்காகப் பேசினது. சவுல், உங்களுக்குத் தெரியாதா?"

"மோரா, நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அவருக்கா தெரியாது? சின்ன வயதில் அதே முறையில் ஜோடி போட்டு, மேசையைத் தட்டிப் படித்த மனுஷன். அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லோரும் ஒன்றும் அறியாதவர்கள் மாதிரி முழித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் எழுந்து, அடுத்த ஞாயிறு அவள் சொன்ன பதிலையும் சொல்லுங்கள் என்று கத்தினேன். "காலை ஆசிரியைகளுக்கு இதுல என்ன வேலை?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் முடிந்தது. வாரத்துக்கு ஐந்து மதியம் இரண்டானது. மதியத் தலைமை என்ற பதவியே போனது. இனி மொத்தப் பள்ளிக்கும் ஒரே தலைமை, டாரியோ கிட்மன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவன்தான் மாத்தே என்ற எங்கள் ஊர் மூலிகைத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தான். வழக்கம்போல முதல் கிண்ணத்தைத் தான் உறிஞ்சிவிட்டு, அடுத்ததை நிரப்பி அவளிடம் நீட்டினான். எங்கள் ஊரில் மாத்தே வாங்கும்போது யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். ப்ளூமா கிண்ணத்தைத் தொடாமல், "நன்றி" என்றாள்.

"மோரா, கோவப்படாதீங்க. பள்ளிக்கூடம் பிழைக்கணும்ல? நான் ஒண்ணும் திருடலையே, உங்க பேரைச் சொல்லித்தான சொன்னேன்."

"திருடியிருந்தாப் பரவால்லடா. உன் பேர்ல சொல்லியிருந்தா நான் எழுந்து உன்னைக் கிழிச்சிருப்பேன். என்னை வச்சே என் வாயை அடைச்சுட்ட."

அவன் கிண்ணத்தை அடுத்தவருக்குக் கொடுத்தான்.

பயிற்சியின் கடைசி ஞாயிறு எங்கள் ஊரின் டிசம்பர் கோடை வெயிலில் வந்தது. போகாதே என்றேன். "பக்கம் மிச்சம் இருக்குடி" என்றாள். கடைசி நாளில் ஒவ்வொரு ஜோடியும் எல்லோர் முன்னாலும் தங்கள் கடைசிப் பக்கத்தை வாதாடி முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் கேக்கும் சான்றிதழும். பள்ளித் தலைவர்களும் வந்திருந்தார்கள், சவுல் முன்வரிசையில். பள்ளியை நடத்துகிறவன் அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருப்பவன் என்பதால், இரண்டு வருடமும் நாங்கள் படித்தது காவல் சட்டம். ப்ளூமா, டாரியோ ஜோடிக்கு வாய்த்த கடைசிக் கேள்வி: பத்திரமாக வைத்திரு என்று நம்பிக் கொடுத்த பொருளை ஒருவன் எடுத்துத் தன் காரியத்துக்குப் புழங்கினால், அவன் குற்றவாளியா?

இருவரும் முன்னால் போய் நின்றார்கள். டாரியோ புழங்கியவன் பக்கம் பேசுவதாக ஏற்பாடு. ப்ளூமா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இன்னைக்கு இடம் மாத்திக்குவோம். புழங்கினவன் பக்கம் நான்."

ஆரம்பித்தாள். பொருள் சும்மா கிடந்தால் பூசணம் பிடித்திருக்கும் என்றாள். வீடே இடிந்து விழும் நிலையில், அந்தப் பொருளை எடுத்து முட்டுக்கொடுத்தான், அதில் என்ன தப்பு என்றாள். ஒளித்துக்கூட எடுக்கவில்லை, இது இன்னாருடையது என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தான் என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அவனுக்காக அவ்வளவு நன்றாக வாதாடினாள், அவனே அவனுக்காக அப்படி வாதாடியிருக்க மாட்டான். கூடத்தில் ஒவ்வொருவருக்கும் மெல்லப் புரியத் தொடங்கியது. சவுல் நாற்காலியில் நெளிந்தார்.

"இப்ப நீ. பொருளைக் கொடுத்தவ பக்கம்" என்றாள்.

டாரியோ புத்தகப் பக்கத்தைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். "என்கிட்ட பதில் இல்ல மோரா."

"இருக்குடா. மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நான் உனக்குச் சொன்னேன். அதைச் சொல்லு, போதும். என் பேரால சொல்லு."

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கப்படுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் நெற்றி சுருங்கியது, உதடு ஏதோ தேடியது. "எனக்கு ஞாபகமில்ல மோரா" என்றான் மெதுவாக. பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது ஞாபகமில்லை. முதல் ஞாயிற்றை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவன் அவன்.

அதுவரை கல் மாதிரி நின்றிருந்த ப்ளூமா அப்போதுதான் உடைந்தாள். சத்தமெல்லாம் இல்லை. புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, சான்றிதழுக்கு நிற்காமல், கேக் மேசையைத் தாண்டி வெளியே போனாள். ரெகினா யாரையும் பார்க்காமல் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள்.

கோடை விடுமுறை முடிந்து மார்ச்சில் பள்ளி திறந்தது. ப்ளூமா வாரம் இரண்டு மதியம் வருகிறாள். தூங்குகிற பிள்ளைகளின் காதருகில் போய்ப் படிக்கிறாள், முன்பைவிடச் சத்தமாக. மற்ற நாட்களில் தெருமுனைக் காபிக் கடையில் அதே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் வேலை முடிந்து எதிரே போய் உட்காருவேன். நானே ஜோடியாக இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. அவள் எது சொன்னாலும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

"நாத்தான் மாதிரி தலையாட்டாதடி" என்பாள்.

போன வாரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அவன் கெட்டவன்தான், ஒத்துக்கிறேன். ஆனா அவன் 'இல்ல மோரா'ன்னா அதுல ஒரு உயிர் இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல" என்றேன்.

நிமிர்ந்தாள். "என்ன இல்ல?"

"அது உயிரும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் வாயைப் பிடுங்கினான். அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷம்டி சுலேமா. ஒரு ஞாயித்துக்கிழமையாவது நிஜமா எங்கூட உக்காந்து படிச்சிருப்பான்."

"எந்த ஞாயித்துக்கிழமை? சொல்லு பாக்கலாம்."

அவள் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, அங்கிருந்து முன்பக்கம் நோக்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து யோசித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். நான் காபியைக் குடித்து முடித்தேன். அவள் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.